உண்மைப் பெயரா, வேடப் பெயரா, வெறும் எண்ணா?

பிரிட்டனில் 1968ல் தொடங்கி நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக, போலீஸ்காரர்கள் வேறு ஆளாக வேடம் போட்டுப் போராட்ட அமைப்புகளுக்குள் புகுந்து வாழ்ந்தார்கள். வெளியே தெரிந்த வரைக்கும் அவர்கள் 139 பேர். வேவு பார்க்கப்பட்ட அமைப்புகள் 1,000க்கும் மேல். சிலர் அங்கே பழகிய பெண்களோடு வருடக்கணக்கில் குடித்தனமே நடத்தினார்கள். பலர் சின்ன வயதில் இறந்துபோன குழந்தைகளின் பெயரையும் பிறந்த தேதியையும் எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். இதையெல்லாம் விசாரிக்க 2015ல் ஆணையம் அமைந்தது. முதல் சாட்சியைக் கேட்கவோ 2020 நவம்பர் ஆகிவிட்டது. இடைப்பட்ட காலத்தில் பெரும்பகுதியை விழுங்கியது ஒரே கேள்வி: இந்தப் போலீஸ்காரர்களின் பெயரை வெளியே சொல்லலாமா?

ஒவ்வொருவருக்கும் இரண்டு பெயர். பெற்றோர் வைத்தது ஒன்று, வேவுக்காகப் போட்டுக்கொண்டது இன்னொன்று. அதனால் ஆணையத்தின் முன் மூன்று வழிகள் இருந்தன. இரண்டையும் வெளியிடலாம். வேடப் பெயரை மட்டும் வெளியிடலாம். இரண்டையும் மறைத்து, ஆங்கில எழுத்தும் எண்ணும் சேர்ந்த ஓர் அடையாளத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். எல்லோருக்கும் ஒரே மாதிரி மறைப்பு வேண்டும் என்ற போலீஸ் தரப்பின் வாதத்தை முதல் தலைவர் நீதிபதி பிட்ச்ஃபோர்ட் 2016ல் ஏற்கவில்லை. வெளிப்படைத்தன்மையே தொடக்கப்புள்ளி, மறைப்பதானால் ஆளுக்கு ஆள் காரணம் காட்ட வேண்டும் என்றார்.

மூன்றாவது வழியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், என் எதிர்ப்பு முழுக்க அதன் மேல்தான். போலீஸ் தரப்பு சாதாரணமாகக் காட்டும் முன்னுதாரணம், நீதிபதி லார்ட் சாவில் (Saville) தலைமையில் நடந்த விசாரணை. 1972 ஜனவரி 30 அன்று வட அயர்லாந்தின் டெர்ரி நகரில் ஊர்வலம் போனவர்களை ராணுவம் சுட்டதில் அன்றே 13 பேர் இறந்தார்கள். அதை விசாரித்தபோது வீரர்கள் பெயர் இல்லாமல், எழுத்து அடையாளத்தோடு சாட்சி சொல்ல 1999ல் நீதிமன்றம் வழிசெய்தது. உண்மை வெளிவரத்தான் செய்தது. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. துப்பாக்கியால் சுட்டவன் பெயர் தெரியாவிட்டாலும், சுட்டதைத் தெருவில் நின்றவர்கள் பார்த்தார்கள். வேவுப் போலீஸ் விஷயத்தில் அந்த வேடப் பெயர் ஒன்றுதான் ஏமாந்தவர்கள் கையில் இருக்கும் நூல். அதை மறைத்தால், ஏமாந்தவருக்குத் தான் ஏமாந்ததே தெரியாது. பிறகு யார் வந்து சாட்சி சொல்வார்கள்?

ரிக் கிப்சன் கதை இதற்குச் சரியான உதாரணம். வட அயர்லாந்திலிருந்து பிரிட்டிஷ் ராணுவத்தைத் திரும்பப் பெறச் சொன்ன இயக்கத்துக்குள் 1970களின் நடுவில் அந்தப் பெயரில் ஒருவர் இருந்தார். சந்தேகப்பட்ட தோழர்கள் தேடிப் போய், அதே பெயருள்ள குழந்தையின் பிறப்புச் சான்றிதழையும் இறப்புச் சான்றிதழையும் அவர் முன் வைத்தார்கள். ஆள் தலைமறைவாகிவிட்டார். 2017ல் ஆணையம் இவர் விஷயத்தை எடுத்தபோது அவர் உயிரோடு இல்லை. இரண்டாவது தலைவர் சர் ஜான் மிட்டிங் முதலில் உண்மைப் பெயரை மறைக்கும் எண்ணத்தில்தான் இருந்தார். வேடப் பெயர் மட்டும் வெளியானது. அப்புறம்தான் ஆணையம் 'மேரி' என்று குறிப்பிடும் பெண் முன்வந்து, தன்னோடு அவர் உறவு வைத்திருந்ததைச் சொன்னார். அதன் பிறகு உண்மைப் பெயரும் வெளியானது. போலீஸ் கோப்புகளை மட்டும் நம்பியிருந்தால் மேரி என்று ஒருவர் இருப்பதே ஆணையத்துக்குத் தெரிந்திருக்காது.

2018 பிப்ரவரியில் மிட்டிங் இன்னொரு அதிகாரியைப் பற்றிப் பேசும்போது, நெடுங்காலம் மணவாழ்வில் இருப்பவர் இப்படித் தவறு செய்திருக்க வாய்ப்பு குறைவு என்ற பொருளில் சொன்னார். ஆனால் வேவுப் போலீஸ்காரர்களில் ஒருவரான பாப் லாம்பெர்ட்டுக்கு மனைவி, பிள்ளைகள் இருந்தபோதே வேடப் பெயரில் வேறொரு பெண்ணோடு குழந்தை பிறந்தது அதற்கு முன்பே ஊரறிந்த செய்தி. கோப்பில் புகார் இல்லை, குடும்பஸ்தர், எனவே மறைக்கலாம் என்று முடிவெடுப்பது எவ்வளவு ஆபத்து! மார்ச்சில் பாதிக்கப்பட்டவர்கள் வழக்கறிஞர்களோடு ஆணையத்தின் அமர்விலிருந்து எழுந்து வெளியேறியதில் எனக்கு வியப்பில்லை.

உண்மைப் பெயர் விஷயத்தில் போலீஸ் தரப்பு சொல்வதில் கனம் இருக்கிறது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். பலருக்கு எழுபது வயதைத் தாண்டிவிட்டது. ஆயுள் முழுக்க ரகசியம் காப்போம் என்று மேலதிகாரிகள் சொன்னதை நம்பியவர்கள். வன்முறைக் கும்பல்களுக்குள் இருந்தவர்களுக்கு நிஜமான ஆபத்து உண்டு. அவர்களின் பிள்ளைகள் எந்தத் தப்பும் செய்யவில்லை. வேடப் பெயரை வெளியிட்டாலே ஆள் யாரென்று தோண்டி எடுத்துவிடுவார்கள் என்பதும் சும்மா சொல்லும் சாக்கு அல்ல.

அதனால் நான் நிற்பது இரண்டாவது வழியில், ஒரு வரிசையோடு. முதலில் வேடப் பெயரை, முடிந்தால் அந்தக் காலத்துப் புகைப்படத்தோடு, வெளியிட வேண்டும். யார் வருகிறார்கள் என்று காத்திருக்க வேண்டும். உண்மைப் பெயரைப் பற்றிய முடிவு அதன் பிறகுதான். உறவில் ஏமாற்றப்பட்ட பெண்ணுக்கு அது தெரிந்தே ஆக வேண்டும். யாரோடு வாழ்ந்தோம் என்று கேட்கும் உரிமையை அவரிடமிருந்து பறிக்க முடியாது. இவர்களை அனுப்பிய மேலாளர்களுக்கோ வேடமே கிடையாது, அவர்கள் சொந்தப் பெயரிலேயே பதில் சொல்லட்டும்.

உயிருக்கு மெய்யாகவே ஆபத்து உள்ள சிலருக்கு எண் மட்டும் போதும் என்று வந்தால், அந்த வேடப் பெயர் இறந்த குழந்தையுடையதாக இருக்கும் பட்சத்தில், அந்தக் குழந்தையின் பெற்றோரையோ உடன்பிறந்தவரையோ ஆணையம் நேரில் போய்ப் பார்த்துச் சொல்ல வேண்டும்.