ஸ்மித் மெஷின் வாங்கப் போகிறவர்கள், அட்வான்ஸ் கொடுக்கும் முன் படியுங்கள்

வீட்டில் ஸ்மித் மெஷின் போடலாம் என்று யோசிப்பவர்களுக்காக அவசரமாக எழுதுகிறேன். என் 78,000 ரூபாய் போய்விட்டது. கடையின் பெயரைப் போடவில்லை. ஜிம் சாமான்களைத் தாங்களே வெல்டிங் செய்து, முன்னால் ஷோரூமும் வைத்து விற்கிற இடம், அவ்வளவுதான். எந்த டிசைன் யாருக்குச் சரி என்பதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

நான் வீட்டு மாடியில் தனியாகப் பயிற்சி செய்கிறவன். மல்லாந்து படுத்து எடைக் கம்பியை மேலே தள்ளும் பெஞ்ச் பிரஸ்ஸில் அந்தக் கம்பிக்கு, அதாவது பாருக்கு, அடியில் மாட்டிக்கொண்டால் தூக்கிவிட ஆள் கிடையாது. ஸ்மித் மெஷினில் பார் இரண்டு கம்பிகளைப் பிடித்து ஏறி இறங்கும், மணிக்கட்டைத் திருப்பினால் கொக்கி மாட்டி நின்றுவிடும். அதற்காகத்தான் இத்தனை செலவு.

ஷோரூமில் இரண்டு விதம் இருந்தன. ஒன்றில் கம்பிகள் செங்குத்து, 46,000 ரூபாய். இன்னொன்றில் 7 டிகிரி சாய்வு, 78,000. பெஞ்ச் பிரஸ் செய்யும்போது பார் நேராக மேலே போகாது, கொஞ்சம் தலைப்பக்கம் போகும். சாய்ந்த கம்பி அதற்கு ஒத்துவரும் என்பதால் அதைக் கேட்டேன். அதில் பார் கம்பியில் உரசாமல் உருண்டு ஓட லீனியர் பேரிங் இருந்தது. பாரின் எடையைக் குறைக்கக் கவுன்டர் வெயிட்டும் இருந்தது. "அண்ணே, சுண்டு விரல்ல தூக்கிப் பாருங்க" என்றார் விற்பனைக்காரர். தூக்கினேன். சத்தமே இல்லாமல் ஏறியது, விட்டதும் மெதுவாக இறங்கியது. "இதே பீஸ்தான் வரும்ணே, ஒரு நட்டுகூட மாறாது" என்றார். டீயும் வந்தது. 50,000 ரூபாயை அங்கேயே ஜிபே செய்தேன். மீதி 28,000 ரூபாயை வண்டியிலிருந்து சாமானை இறக்குவதற்கு முன்பே வாங்கிக்கொண்டார்கள்.

வந்தது சாய்வு மெஷின்தான். பார்வைக்கு அதே பீஸ். ஆனால் பேரிங் இருக்க வேண்டிய இடத்தில் நைலான் புஷ், உருளாமல் கம்பியில் உரசியே ஓடும் பிளாஸ்டிக் வளையம்! கவுன்டர் வெயிட் இல்லவே இல்லை. எடை பார்க்கும் மெஷின் மேல் நின்று பிடித்துப் பார்த்தேன், வெறும் பாரே 22 கிலோ. சாய்ந்த கம்பியில் பாரின் பாரத்தில் ஒரு பங்கு புஷ் மேல் உட்காரும் என்பதால் கறக் கறக் என்று நின்று நின்று ஏறுகிறது. அந்த 46,000 ரூபாய் மெஷினே இதைவிட நன்றாக ஓடியிருக்கும். எல்லாவற்றையும்விட மோசம், வலது கொக்கி முளையில் மாட்டும்போது இடது கொக்கி ஒரு நூல் தள்ளி நிற்கிறது. இதற்குக் கீழேதான் நான் படுக்க வேண்டும்.

விற்பனைக்காரருக்குப் போன் செய்தால் "ஓட ஓட செட் ஆகிடும், கொஞ்சம் கிரீஸ் தடவுங்க" என்றார். தடவினேன். தூசி ஒட்டிக் கம்பி முழுக்கக் கறுப்பு வளையம். அப்புறம் ஃபிட்டர் ஊருக்குப் போயிருக்கிறார் என்றார்கள். வீடியோ அனுப்பினேன், நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. கடைசியாக ஓனரே எடுத்து, "ஷோரூம்ல இருக்கிறது டீலக்ஸ் மாடல் சார், பில்லைப் பாருங்க" என்றார். பில்லில் இருப்பது 'ஸ்மித் மெஷின், சாய்வு, 1' மட்டும்தான். டீலக்ஸ் என்ற பேச்சே அன்று எழவில்லை. 78,000 ரூபாய்க்கு நைலான் புஷ்!

டிசைன் பற்றி விவரமாக எழுத இப்போது பொறுமை இல்லை. பேரிங்கா புஷ்ஷா, கவுன்டர் வெயிட் உண்டா, வெறும் பார் எத்தனை கிலோ, எடை பிளேட் மாட்டும் முனை 50 மில்லிமீட்டரா, எல்லாவற்றையும் பில்லில் எழுதி வாங்குங்கள். புஷ்தான் கட்டுப்படியாகும் என்றால் செங்குத்தையே எடுங்கள். மீதிப் பணத்தை மெஷினை ஓட்டிப் பார்த்த பிறகு கொடுங்கள். கொக்கி போக, பாரைத் தாங்கத் தனி ஸ்டாப்பர் இல்லாத மெஷினை வாங்கவே வாங்காதீர்கள். நுகர்வோர் உதவி எண் 1915, நான் புகார் கொடுத்துவிட்டேன். நாளைக் காலை ஷோரூமுக்கே போகிறேன், மிச்சத்தை வந்து எழுதுகிறேன்.