ஸ்டியரிங் டம்பர்: முற்றத்தில் மாற்றுவதா, கராஜில் விடுவதா?

ஆனையிறவு வெட்டவெளியில் எங்கள் பழைய வொக்ஸ்வாகன் பீட்டில் கார் மணிக்கு 60 கிலோமீற்றரைத் தொடும் நேரம், முன்சில்லு ஒரு சின்னக் கிடங்கில் விழுந்தால் போதும். ஸ்டியரிங் கையில் நிற்காது, இடமும் வலமுமாக உதறும். வேகத்தைக் குறைத்தால்தான் அடங்கும். அப்பாவின் கார், விற்க மனம் வரவில்லை. முதல் தடவை கராஜில் விட்டேன். "டம்பர் போட்டுது தம்பி, மாத்தினாச் சரிவரும்" என்றார் பாஸ். மாற்றினார். மூன்று மாதம் நல்லாய் ஓடியது, பிறகு பழையபடி உதறல். இரண்டாம் தடவை நானே முற்றத்தில் படுத்தேன். இரண்டு வழியையும் அனுபவித்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்தில் பேர்பெற்ற ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் கார்களில் ஸ்டியரிங் டம்பர் என்ற இந்தச் சாமானே இல்லை. பீட்டிலில் 1960 மொடல் தொடக்கம் உண்டு. பழைய பென்ஸ் டபிள்யூ123 இலும் பெரும்பாலான ஜீப்களிலும் இருக்கிறது. பார்வைக்குக் கிடையாகப் படுத்த ஷொக் அப்சோர்பர்தான். உள்ளே எண்ணெய் சின்னத் துளைகளால் போய்வரும். மெதுவாகத் திருப்பினால் விட்டுக்கொடுக்கும், வெடுக்கென்று உதறினால் தடுக்கும். சில்லை நேராக வைப்பது இதன் வேலை அல்ல.

அதனால்தான் வீட்டில் செய்யலாம் என்கிறேன். டை ரொட் எண்டை, அதாவது ஸ்டியரிங் அசைவைச் சில்லுக்குக் கொண்டுபோகும் தண்டின் முனை மூட்டை, மாற்றினால் சில்லுகளின் கோணம் மாறும், அலைன்மென்ட் பார்க்காமல் வீதியில் இறக்கக்கூடாது. டம்பரைக் கழற்றிப் பூட்டினால் அந்த அளவுகளில் எதுவும் மாறாது. இரண்டு முனை, இரண்டு போல்ட். கராஜ்காரர் அரை மணித்தியாலத்தில் முடிப்பார், எனக்கு ஒரு சனிக்கிழமை முழுதும் போனது. அதில் பாதி துருவோடு. பண்ணைப் பாலத்தால் தீவுப் பக்கம் அடிக்கடி போய்வரும் கார், உப்புக் காற்றில் போல்ட் தலை பொருக்குத் தட்டியிருந்தது. முதல்நாள் இரவே கம்பிப் பிரஷால் தேய்த்து, மண்ணெண்ணெயும் டீசலும் கலந்து ஊற்றிவிட்டேன். காலையில் ஸ்பானரில் குழாய் செருகி மெல்ல அழுத்த, "கிறீச்" என்று விட்டுக்கொடுத்தது. இப்படி ஊறவைத்துக் காத்திருக்கும் பொறுமை கராஜில் கிடைப்பது அரிது. அங்கே காஸ் விளக்கால் சூடேற்றுவார்கள், பக்கத்து றப்பர் புஷ் கருகிப்போகும்.

ஆனால் ஜக்கியை மட்டும் நம்பிக் காருக்கடியில் படுக்கவேண்டாம். எங்கள் முற்றங்கள் மணல், ஜக்கி புதையும். அடியில் தடித்த பலகை போட்டு, ஸ்டாண்ட் இரண்டு கொடுத்து, பின்சில்லுக்கு முண்டு வைத்த பிறகுதான் தலையை உள்ளே விடவேண்டும். ஸ்டாண்ட் இல்லையென்றால் கராஜுக்கே போங்கள். இந்த ஒரு விடயத்தில் காசு மிச்சம் பார்க்காதீர்கள்.

வீட்டு வேலையின் உண்மையான லாபம் கூலி அல்ல, நின்று பார்க்கக் கிடைக்கும் நேரம். கழற்றிய டம்பரைக் கையில் பிடித்து நீட்டி மடக்கினேன். நல்லதென்றால் இரு பக்கமும் ஒரே இறுக்கமாய் வரவேண்டும். இதில் நடுவில் ஒரு அங்குலம் காற்றைத் தள்ளுவதுபோல் வெறுமையாக ஓடியது, தண்டில் எண்ணெய்க் கசிவு. மூன்று மாதத்தில் ஏன் போனது? டம்பர் இல்லாத நிலையில் தம்பியை ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் அசைக்கச் சொல்லிவிட்டு டை ரொட் எண்டில் விரலை வைத்தேன். ஒவ்வொரு அசைவுக்கும் "டொக்" என்று விரலில் தட்டியது. அந்த ஆட்டத்தைத்தான் டம்பர் மூன்று மாதமாக மறைத்து, தானும் தேய்ந்திருக்கிறது. கராஜில் அன்று இதை யாரும் தொட்டுப் பார்க்கவில்லை. அந்த எண்டை மாற்றும் வேலையை அலைன்மென்ட் வசதி உள்ள வேறு கராஜில் கொடுத்தேன். அது அவர்களுடைய வேலை.

எந்த டம்பர் வாங்குவது என்பதிலும் போட்டி உண்டு. கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில், பழைய கார்களில் இருந்து கழற்றிய ஒரிஜினல் கிடைக்கும், இரவு பஸ்ஸில் அனுப்பிவைப்பார்கள். விலை குறைவு, ஆனால் கையால் அழுத்திப் பார்க்காமல் வாங்குவது வீண். காஸ் நிரப்பிய புதியது "கூடத் திறம்" என்று விற்கப்படும். நான் வேண்டாம் என்பேன். காஸ் அழுத்தம் தண்டை எப்போதும் வெளியே தள்ளும், தனி டம்பராகப் பூட்டினால் கார் ஒரு பக்கம் மெல்ல இழுக்கலாம். என் தெரிவு காஸ் இல்லாத புது எண்ணெய் டம்பர். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. அந்த ஐந்து வருடத்தில் பழைய கார்களைக் காப்பாற்றிய எங்களுக்குச் சாமானின் அருமை தெரியும்.

பூட்டுமுன் பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து, முழுதாக நீட்டியும் மடக்கியும் அளவு பாருங்கள். குட்டையாக இருந்தால் ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பும்போது டம்பரே முட்டி நிற்கும், அது ஆபத்து. நான்கைந்து தரம் நீட்டி மடக்கிக் காற்றை விடுங்கள். ஸ்டியரிங்கை நேராக வைத்து, புது லொக் நட் போட்டு இறுக்குங்கள். முன்சில்லு இரண்டும் தூக்கியிருக்கையிலேயே இடக்கோடி வலக்கோடி திருப்பி, எங்கும் உரசுகிறதா என்று பார்க்கவேண்டும். எனக்கு பிரேக் ஹோஸ் ஒன்று மயிரிழையில் தப்பியது, கிளிப்பை நகர்த்திச் சரிசெய்தேன். ஒரு கிழமை ஓடியபின் இரண்டு போல்ட்டையும் திரும்ப இறுக்கினேன், ஒன்று கால் சுற்று வந்தது.