முதல் மூன்று மாதங்களுக்கு நல்ல துணை: குடியமர்வு உதவிச் சேவை குறித்த மதிப்புரை

வெளிநாட்டிலிருந்து வந்து எங்கள் நிறுவனத்தில் சேரும் பொறியாளர்களுக்கு வீடு பார்த்துத் தரவும், வங்கிக் கணக்கு தொடங்கித் தரவும், பிள்ளைகளுக்குப் பள்ளியில் இடம் வாங்கித் தரவும் சில ஆண்டுகளாக ஒரு குடியமர்வு உதவி நிறுவனத்தை அமர்த்தியிருக்கிறோம். மனிதவளப் பிரிவில் இருந்து அதன் பணியை அருகிலிருந்து பார்த்தவன் என்ற முறையில், இத்தகைய சேவைக்குச் செலவிட எண்ணும் நிறுவனங்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதல் சில வாரங்களில் இவர்களின் வேலையில் குறை சொல்ல இடமில்லை. வங்கிக் கணக்கு தொடங்க முகவரிச் சான்று வேண்டும். முகவரிச் சான்றுக்கு வாடகை ஒப்பந்தம் வேண்டும். வாடகை ஒப்பந்தம் போட வீட்டு உரிமையாளர் வங்கிக் கணக்கைக் கேட்பார். புதிதாக வந்தவர் தனியாக மாட்டிக்கொண்டு தவிக்கும் இந்தச் சிக்கலை, எங்களிடமிருந்து ஒரு பொறுப்பேற்புக் கடிதத்தை முன்கூட்டியே வாங்கி வைத்திருந்து, தற்காலிகத் தங்குமிடத்தின் முகவரியிலேயே கணக்கைத் தொடங்கித் தந்து தீர்த்துவிடுகிறார்கள்.

ஆனால் மூன்றாம் மாதத்தோடு கோப்பை மூடிவிடுகிறார்கள். எங்களை விட்டு விலகியவர்களில் பெரும்பாலோர் அந்த மூன்று மாதங்களில் போகவில்லை. வாழ்க்கை ஓரளவு நிலைபெற்று, ஓராண்டு கடந்த பின்பே போனார்கள். திறமையான ஒரு வடிவமைப்புப் பொறியாளர் விலகியபோது அவருடைய கோப்பை எடுத்துப் பார்த்தேன். மனைவி என்ற தலைப்பின் கீழ்ப் பெயரும் கடவுச்சீட்டு எண்ணும் மட்டுமே இருந்தன. அவர் மருந்தாளுநர் என்பதோ, பட்டத்துக்கு அங்கீகாரம் கிடைக்காமல் வீட்டிலேயே இருக்கிறார் என்பதோ எங்கும் இல்லை. படிவத்தில் அதைக் கேட்கவே இல்லை. துணைவரின் வேலை உரிமை நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. உயர்திறன் வெளிநாட்டுப் பணியாளர்களுக்கான ஐரோப்பிய ஒன்றியத்தின் 2021ஆம் ஆண்டு நீல அட்டை நெறிமுறை, குடும்பத்தினர் வேலை செய்யவும் சுயதொழில் நடத்தவும் வழிவிடுகிறது. அமெரிக்காவிலோ எச்-1பி என்ற தற்காலிகப் பணி விசாவில் இருக்கும் பணியாளர்களின் துணைவர்களில், நிரந்தர வசிப்புரிமைக்கான நடைமுறையில் குறிப்பிட்ட கட்டத்தை எட்டியவர்களின் துணைவருக்கு மட்டுமே 2015 முதல் வேலை அனுமதி கிடைக்கிறது. இவற்றை அறிந்து முன்கூட்டியே எச்சரிப்பதுதான் இப்படிப்பட்ட சேவையின் முதற்கடமை என்பது என் உறுதியான கருத்து.

விசா விஷயத்திலும் இதே குறை உண்டு. முதல் விசாவை நேர்த்தியாக முடித்துத் தருகிறார்கள். நீட்டிப்பையும் நிரந்தர வசிப்புரிமையையும் பணியாளர் தாமாக நினைவூட்ட வேண்டியிருக்கிறது. வேலை போனால் எச்-1பி பணியாளருக்கு அதிகபட்சம் 60 நாள் அவகாசம்தான் என்ற நிலையில், விண்ணப்பம் எந்த மேசையில் இருக்கிறது என்று தெரியாமல் இருப்பது ஒரு குடும்பத்தின் தூக்கத்தையே கெடுக்கும். அந்த அச்சமே ஆளைக் கட்டிப்போடும் என்று நம்பும் முதலாளிகள் இருக்கிறார்கள். வசிப்புரிமை கைக்கு வந்த மறுமாதமே விலகல் கடிதம் வருவதை அவர்கள் எதிர்பார்ப்பதில்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் விலகினால் குடியமர்வுச் செலவு முழுவதையும் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனையைச் சேர்க்குமாறு இந்த நிறுவனத்தின் ஆலோசகரும் சொன்னார். நாங்கள் மறுத்துவிட்டோம்; கடனுக்கு அஞ்சி இருப்பவர் கடன் தீரும் நாளை எண்ணிக்கொண்டுதான் இருப்பார்.

எவ்வளவு நல்ல சேவையாக இருந்தாலும் அதனால் செய்ய முடியாதவையும் உண்டு. வெளிநாட்டில் பெற்ற பத்தாண்டு அனுபவத்தைக் கணக்கில் கொள்ளாமல் ஒருவரைக் கீழ்நிலைப் பதவியில் அமர்த்திவிட்டு, பதவி உயர்வு வரும்போது உள்ளூர் அனுபவம் போதாது என்று சொன்னால், அதை எந்த வீடும் பள்ளியும் ஈடுசெய்யாது. அது முழுக்க எங்கள் பொறுப்பு.

ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது, துணைவரின் தொழில் விவரத்தை முதல் நாளிலேயே கேட்டுப் பதிய வேண்டும், முதல் ஈராண்டுகளுக்கு அரையாண்டுதோறும் குடும்பத்தோடு பேச வேண்டும், விசா காலாவதிக்கு ஓராண்டு முன்பே எங்களுக்குத் தகவல் தர வேண்டும் என்று கேட்டோம். முதலிரண்டையும் ஏற்றார்கள், மூன்றாவதற்குத் தனிக் கட்டணம் கேட்டதால் அதை எங்கள் பிரிவே பார்த்துக்கொள்கிறது. வந்து சேருவோரை வரவேற்க மட்டும் உதவி வேண்டுவோர் இவர்களைத் தயங்காமல் அமர்த்தலாம். ஆட்களைத் தக்கவைக்கவும் உதவுவார்கள் என்று எண்ணினால், மேற்சொன்னவற்றை எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகே கையெழுத்திடுங்கள்.