14416 மனநல உதவி எண்: ஒரு விடுதி மாணவனின் மதிப்பீடு

எங்கள் கல்லூரியில் 'மாணவர் ஆலோசனை மையம்' என்ற பெயர்ப் பலகையோடு ஓர் அறை உண்டு. முதல்வர் அலுவலகத்துக்கு எதிரே, கட்டணம் கட்ட நிற்கும் வரிசைக்கு நேர் முன்னால் அது இருப்பதால், உள்ளே நுழைந்தவர் யார் என்பது அரை மணி நேரத்தில் துறை முழுவதற்கும் தெரிந்துவிடும். முதுகலை இரண்டாம் பருவத்தில் தூக்கம் அறவே கெட்டு, ஒரே பத்தியை நான்கு முறை வாசித்தும் ஒன்றும் மனத்தில் நிற்காத நாள்களில் அந்த அறைக்கு ஒருமுறை சென்றேன். வணக்கம் சொல்லும் முன்பே ஒரு பதிவேடு நீட்டப்பட்டது: பெயர், துறை, பதிவு எண், வந்த காரணம். எனக்கு முன்னால் வந்த ஏழெட்டுப் பேரின் காரணங்களையும் நின்ற இடத்திலேயே வாசிக்க முடிந்தது. அமர்ந்திருந்தவர் நல்ல மனிதர்தான். ஆனால் எங்களுக்கு ஒரு தாள் நடத்துபவர், உள்மதிப்பீட்டு மதிப்பெண்ணும் அவர் கையில். காரணம் என்ற கட்டத்தில் 'தலைவலி' என்று எழுதிவிட்டுத் திரும்பினேன். சிகிச்சை பெறுபவரின் விவரங்கள் ரகசியமாகக் காக்கப்பட வேண்டும் என்பதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் ஓர் உரிமையாகவே சொல்கிறது என்பது எனக்குப் பின்னர்தான் தெரிய வந்தது.

ஆகவே இந்த மதிப்பீடு அந்த அறையைப் பற்றியதன்று. அங்கிருந்து திரும்பி வந்தபின் நான் நாடிய 14416 என்ற தொலைபேசி மனநல உதவி எண்ணைப் பற்றியது. மத்திய அரசு 2022 அக்டோபர் 10 அன்று, உலக மனநல நாளில், டெலி மானஸ் என்ற பெயரில் இச்சேவையைத் தொடங்கியது; பெங்களூருவின் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவ நிறுவனம் இதன் தலைமை மையம். தமிழ்நாட்டில் இது 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் அறியப்படுகிறது. கட்டணம் கிடையாது, இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். மொழியைத் தேர்ந்தெடுத்தபின் முதலில் பேசுபவர் பயிற்சி பெற்ற ஆலோசகர். அவரால் முடியாத நிலை என்றால் மனநல மருத்துவர் போன்ற வல்லுநர்களிடம் அழைப்பு செல்லும்படி இரண்டு அடுக்குகளாக இதை அமைத்திருக்கிறார்கள்.

நான் அழைத்தது இரவு பதினொரு மணிக்கு மேல். பேசியவர் ஒரு பெண்மணி. பெயரைச் சொல்ல விருப்பமில்லை என்றேன், அவர் வற்புறுத்தவில்லை. இப்போது பாதுகாப்பான இடத்தில்தான் இருக்கிறீர்களா என்று முதலில் கேட்டார். அடுத்து, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருகிறதா என்பதைச் சுற்றி வளைக்காமல், காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்பதுபோல் கேட்டார். அந்தக் கேள்வியை அவ்வளவு சாதாரணமான குரலில் ஒருவர் என்னிடம் கேட்டது அதுவே முதல் முறை. அதற்கு உண்மையான பதிலைச் சொல்ல முடிந்ததற்குக் காரணம் அந்தக் குரல்தான் என்று நினைக்கிறேன். இல்லை, ஆனால் காலையில் எழவே பிடிக்கவில்லை என்றேன். தூக்கம், சாப்பாடு, தேர்வு, வீட்டில் வாங்கிய கடன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போனார். 'தைரியமாக இருங்கள்' என்ற அறிவுரை ஒருமுறைகூட வரவில்லை, என் அப்பாவும் அறை நண்பர்களும் வேறெதையும் சொன்னதில்லை என்பதால் அதைக் குறிப்பாகக் கவனித்தேன். ஏறத்தாழ முப்பத்தைந்து நிமிடம் பேசினோம். இரு வாரங்களுக்கு மேலாக இப்படி இருப்பதால் மருத்துவரை நேரில் பார்ப்பது நல்லது என்று சொல்லி, அரசு மருத்துவமனையின் மனநலப் புறநோயாளிப் பிரிவுக்குப் போகும் வழியையும் விளக்கினார்.

சேவையின் தரத்தில் எனக்குக் குறை இல்லை. சிக்கல் இருந்தது நான் நின்ற இடத்தில். ஓர் அறைக்கு நான்கு பேர் தங்கும் விடுதியில், ஒன்பதரைக்கே மொட்டை மாடியைப் பூட்டிவிடும் வார்டனுக்குக் கீழ் வாழ்பவனுக்கு, அரை மணி நேரம் அழுதுகொண்டே பேசுவதற்கு இடம் எங்கே இருக்கிறது? மெஸ்ஸுக்குப் பின்புறம் தண்ணீர் மோட்டார் ஓடும் அறைக்கு அருகில், அந்த இரைச்சல் என் பேச்சை மறைக்கும் என்ற நம்பிக்கையில் நின்றேன். பெண்கள் விடுதியில் அந்த நேரத்தில் கட்டடத்தை விட்டு வெளியே வரவே முடியாது என்று தோழி ஒருத்தி சொன்னாள்.

இன்னொன்றையும் அழைக்கும் முன் அறிந்திருப்பது நல்லது. உதவி எண் என்பது ஒரு வாசல். வாரந்தோறும் ஒரே ஆலோசகரிடம் அமர்ந்து தொடர்ந்து பெறும் சிகிச்சைக்கு அது ஈடாகாது. சென்னையில் 1986 முதல் இயங்கும் சிநேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பையும் இப்படித்தான் புரிந்துகொள்ள வேண்டும்: அங்கே தன்னார்வலர்கள் தீர்ப்புச் சொல்லாமல் காது கொடுத்துக் கேட்பார்கள், மருந்து எழுதித் தருவதில்லை.

மருத்துவமனையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். காலை எட்டு மணிக்கு ஓ.பி. சீட்டு வாங்கினால் பதினொன்றரைக்கு மருத்துவரைப் பார்க்கலாம், மருந்தும் இலவசம். மருத்துவர் எனக்கு ஒதுக்கிய பத்து நிமிடம் குறைவுதான், எனினும் வெளியே நின்ற கூட்டத்தைப் பார்த்தபின் குறை சொல்ல மனம் வரவில்லை. ஒவ்வொரு முறையும் ஒரு நாள் வருகைப் பதிவு போய்விடும் என்பதை மட்டும் 75 விழுக்காட்டுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். எனக்கு நான்கு நாள்கள் போயின.

100 மாணவர்களோ அதற்கு மேலோ பயிலும் ஒவ்வொரு நிறுவனமும் தகுதிபெற்ற ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையாவது அமர்த்த வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் வழிகாட்டுதல் வழங்கியது. டெலி மானஸ் உள்ளிட்ட உதவி எண்களை விடுதிகளிலும் வகுப்பறைகளிலும் பெரிய எழுத்தில் வைக்க வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது. எங்கள் விடுதியில் 14416 இருக்கத்தான் செய்கிறது: வார்டன் அறைக் கதவருகே, மெஸ் பாக்கி வைத்திருப்பவர்களின் பட்டியலுக்குக் கீழே, அந்தப் பட்டியலைவிடச் சிறிய எழுத்தில்.