பன்னிரண்டு சனிக்கிழமைகள்: சேலத்தில் ஒரு மென்பொருள் பொறியியல் பயிற்சி வகுப்பு

சேலத்தில் ஒரு தனியார் மையம் கல்லூரி மாணவர்களுக்கு மென்பொருள் பொறியியலின் அடிப்படைகளைக் கற்பிக்கிறது. என்னிடம் மூன்றாம் ஆண்டு படிக்கும் ஆறு பேரை அங்கே சேர்த்துவிட்டு, பன்னிரண்டு சனிக்கிழமைகளும் கடைசி வரிசையில் நானும் உட்கார்ந்திருந்தேன். ஆளுக்குக் கட்டணம் ரூ.6,500. குறைகளையும் எழுதப் போவதால் மையத்தின் பெயரைத் தவிர்க்கிறேன்.

இதே பாடத்தைக் கல்லூரியில் நடத்துபவன் என்ற முறையில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மென்பொருள் உருவாக்கத்தை ஒன்றன்பின் ஒன்றாக வரும் படிகளாகக் காட்டும் அருவி மாதிரியைப் பெட்டி பெட்டியாக வரைந்து 13 மதிப்பெண் கேள்வியை முழுமையாக எழுதிவிடும் மாணவருக்கு, போன மாதம் தானே எழுதிய நிரலை இன்று திறந்து திருத்தத் தெரிவதில்லை. செமஸ்டர் முடிந்ததும் ரெக்கார்டு நோட்டோடு சேர்த்து நிரலையும் மூட்டை கட்டிவிடுகிறோம். பயிற்றுநர் முதல் நாளே அந்தப் படத்தைப் பலகையில் வரைந்தார். 1970இல் அதை முன்வைத்த வின்ஸ்டன் ராய்ஸ், அதே கட்டுரையில் அதை அப்படியே நடைமுறைப்படுத்துவது ஆபத்தானது, தோல்வியை வரவழைப்பது என்றும் எழுதியிருக்கிறார் என்று சொன்னார். பதினோரு ஆண்டுகளாக அந்தப் படத்தை நடத்தி வருகிறேன். மாணவர்கள் அப்போது என் பக்கம் திரும்பிப் பார்க்காதது அவர்களுடைய பெருந்தன்மை.

பயிற்சி முழுவதற்கும் ஒரே செயல்திட்டம்தான்: வெள்ளிக் கொலுசுப் பட்டறைக்கான கணக்கு. வெள்ளியைக் கொடுத்து, கொலுசாகத் திரும்ப வாங்கி, சேதாரம் கழித்து, கூலி போடும் கணக்கு சேலத்துப் பிள்ளைகளுக்கு அந்நியமானதல்ல. அவர்களில் இருவருடைய வீட்டிலேயே பட்டறை உண்டு. நான்கு பேர் கொண்ட எட்டுக் குழுக்கள் நான்கு வாரம் பைத்தான் மொழியில் நிரல் எழுதின. ஐந்தாம் வாரம் ஒவ்வொரு குழுவின் நிரலும் அடுத்த குழுவிடம் கொடுக்கப்பட்டு, இனி அதில்தான் வேலை என்று அறிவிக்கப்பட்டபோது வகுப்பில் பெரிய முணுமுணுப்பு எழுந்தது. கட்டணம் எதற்கு என்று என்னைக் கேட்டால் அந்த ஒரு காலைப்பொழுதுக்குத்தான் என்பேன். 'டெம்ப்2' என்ற மாறிக்குப் பொருள் என்ன என்று எழுதியவரிடமே போய்க் கேட்டால், அவருக்கும் நினைவில்லை. பெயர் வைப்பது, ஒரு வேலையை மட்டும் செய்யும் சிறு சிறு செயற்கூறுகளாகப் பிரிப்பது ஆகியவற்றைப் பற்றி நான் எத்தனை முறை பேசியும் ஏறாதது அன்று ஏறியது.

அன்றைக்குப் பெற்ற நிரலில் என் மாணவி ஒருத்தி ஒரு பிழையைக் கண்டாள். பட்டறையில் கொடுத்த வெள்ளி 0.3 கிலோ; திரும்பி வந்தது ஒரு முறை 0.1, மறுமுறை 0.2. பாக்கி பூஜ்யமாக வேண்டும். திரையோ 'கணக்கு முடியவில்லை' என்றது. கழித்தலின் விடையை அச்சிட்டுப் பார்த்தால், புள்ளிக்குப் பின் பதினாறு பூஜ்யங்களைத் தாண்டி ஒரு மிகச் சிறிய குறை எண் நின்றது. கணினி பயன்படுத்தும் இரும எண் முறையில் 0.1ஐத் துல்லியமாக எழுத முடியாது என்பது பாடப்புத்தகத்தில் இருப்பதுதான். அது ஒரு தொழிலாளியின் பெயருக்கு நேரே பாக்கியாக நிற்பதைக் கண்ட பிறகுதான், எடையை மில்லிகிராமில் முழு எண்ணாகச் சேமிப்பது என்று குழு முடிவெடுத்தது.

நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிவு செய்து வைக்கும் 'கிட்' என்ற கருவிக்கான பயிற்சியும் இதே தரத்தில் இருந்தது. இருவர் ஒரே வரியைத் திருத்திவிட்டு இரண்டையும் ஒன்றாக இணைக்க (மெர்ஜ்), கோப்பின் நடுவே ஏழேழு கோணக் குறிகளோடு மோதல் காட்டப்பட்டது. பதறிய மாணவன் ஒருவன் அந்தக் குறிகளோடு நண்பனின் வரிகளையும் அழித்துவிட்டான். பயிற்றுநர் திட்டவில்லை. முன்பு சேமித்திருந்த பதிவிலிருந்து (கமிட்) அதை மீட்கும்படி அவனையே உட்கார வைத்தார். முக்கால் மணி நேரம் ஆனது, தேநீர் இடைவேளையும் போனது.

இனிக் குறைகள். நிரல் சரியாக இயங்குகிறதா என்று சோதிக்கும் 'டெஸ்ட்' நிரல்களை எழுதுவது ஒன்பதாம் வாரத்தில்தான் வருகிறது. அதற்குள் கணக்கிடுவதும் ரசீது அச்சிடுவதும் ஒரே செயற்கூற்றில் பின்னிக் கிடப்பதால், பிரித்தெடுத்துச் சோதிக்க வழியில்லாமல் இரண்டு வாரம் வீணாயிற்று. இரண்டாம் வாரமே சிறிய டெஸ்டுகளை எழுத வைத்திருந்தால் 0.3 கிலோ பிழை அன்றே சிக்கியிருக்கும். முப்பத்திரண்டு பேருக்கு ஒரே பயிற்றுநர் என்பதால் ஒருவர் நிரலை மற்றவர் படித்துக் கருத்துச் சொல்லும் ரிவியூ பெயரளவில் நின்றது. பாதிப் பேர் 'நன்றாக உள்ளது' என்று எழுதிவிட்டு நகர்ந்தார்கள். துண்டறிக்கையில் கொட்டை எழுத்தில் அச்சிட்ட 'பிளேஸ்மென்ட் உதவி', கடைசி நாளில் ஒரு மணி நேர ரெஸ்யூமே வகுப்பாக முடிந்தது. பயிற்சியின் மதிப்புக்கு அந்த வாக்குறுதி தேவையே இல்லை என்பதால்தான் எனக்கு எரிச்சல்.

விளக்கங்கள் முழுக்கத் தமிழில் இருந்தன என்பதைத் தனியே சொல்ல வேண்டும். தமிழ்வழியில் பள்ளிப் படிப்பை முடித்து ஆத்தூரிலிருந்தும் எடப்பாடியிலிருந்தும் பேருந்து பிடித்து வந்தவர்கள்தான் வகுப்பில் அதிகம் கேள்வி கேட்டார்கள்.

எல்லாவற்றிலும் பெரிய குறை, நிரலில் என்னென்ன இருக்க வேண்டும் என்ற தேவைகளை இரண்டு பக்க அச்சுத் தாளாகக் கையில் கொடுத்துவிட்டதுதான். கணக்கை அன்றாடம் எழுதுபவரை யாரும் போய்ப் பார்க்கவில்லை. ஒன்பதாம் வாரம் முடிந்ததும் என் மாணவர்களைச் செவ்வாய்ப்பேட்டையில் எனக்குத் தெரிந்த ஒரு பட்டறைக்கு நானே அழைத்துப் போனேன். உரிமையாளர் நிரலைப் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "தம்பி, டச் எங்க போடறது?" என்றார். வெள்ளியின் தரத்துக்கான கட்டமே அதில் இல்லை. பயிற்சி மையத்தின் தாளிலும் இல்லை. பிறகு தம் நீள நோட்டைத் திறந்து, சில பெயர்களுக்குப் பக்கத்தில் பென்சிலால் போட்டிருந்த சிறு வட்டங்களைக் காட்டினார். முன்பணம் வாங்கியிருப்பவர்கள் அவர்கள். கூலியில் மொத்தமாகப் பிடிக்காமல், வாரா வாரம் அவரவர் கேட்டுக்கொள்கிற அளவுக்குப் பிடிப்பாராம்.

டச்சுக்கான கட்டத்தை அன்று மாலையே சேர்த்துவிட்டார்கள். பென்சில் வட்டத்தை நிரலில் எப்படி எழுதுவது என்று பன்னிரண்டாம் சனிக்கிழமை வரை வாதாடி, பயிற்சி முடிந்த பிறகும் இரண்டு முறை அந்தப் பட்டறைக்குப் போய் வந்திருக்கிறார்கள்.