எங்கள் வீட்டு ப்ரீபெய்ட் சிம்: சிக்னலுக்கு மார்க் உண்டு, கணக்குக்குக் கிடையாது

தாராவியில், மாட்டுங்கா லேபர் கேம்ப் பக்கம், சந்துக்குள் சந்தாகப் போகும் வீடுகளில் போனில் டவர் நிற்பதே பெரிய விஷயம். அந்த விஷயத்தில் எங்கள் சிம்மை நான் குறை சொல்ல மாட்டேன். அடுப்படி மூலையில் நின்று பேசினாலும் குரல் உடையாது. அம்மா, நான், தம்பி மூன்று பேருக்கும் பல வருஷமாக ஒரே கம்பெனிதான். எந்தக் கம்பெனி என்று எழுதப் போவதில்லை. எதிர்வீட்டில் வேறு கம்பெனி சிம், அவர்களும் இதே பாட்டைத்தான் பாடுகிறார்கள்.

நான் பார்க்கப் போவது ஒன்றே ஒன்று: நம்மிடமிருந்து பிடிக்கும் காசுக்கு இவர்கள் எவ்வளவு ஒழுங்காகக் கணக்குச் சொல்கிறார்கள்? சயன்-பாந்த்ரா லிங்க் ரோட்டில் ஒரு தோல் பைக் கடையில் கணக்கு எழுதுகிறேன். எட்டணா உதைத்தாலும் அன்றைக்கு எனக்குத் தூக்கம் வராது.

பேக் விலையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2024 ஜூலையில் தனியார் கம்பெனிகள் எல்லாம் ஒரே வாரத்தில் ஏற்றியதில் இதுவும் ஏறியது. 28 நாள் பேக் போட்டால் வருஷத்துக்கு 13 தடவை ரீசார்ஜ் என்பது எல்லோருக்கும் தெரிந்த தந்திரம். 30 நாள் பேக் ஒன்று, மாதாமாதம் அதே தேதியில் புதுப்பிக்கிற பேக் ஒன்று கட்டாயம் வைக்க வேண்டும் என்று டிராய், அதாவது போன் கம்பெனிகளைக் கட்டுப்படுத்தும் ஒழுங்குமுறை ஆணையம், 2022 ஜனவரியில் உத்தரவு போட்டது. இவர்களும் வைத்திருக்கிறார்கள், ஆப்பில் கட்டைவிரல் வலிக்கும் வரை தள்ளினால் கண்ணில் படும்.

தகராறு பேக்கில் இல்லை, மெயின் பேலன்ஸில். அம்மா பட்டன் போன் வைத்திருக்கிறாள். "ஏட்டி, நூறு ரூவா போட்டாம்ல உந்தம்பி, அது எங்க?" என்று ஒரு நாள் போனை என்னிடம் நீட்டினாள். பார்த்தால் அதில் சில்லறைதான் மிச்சம்.

முதலில் அந்த நூறு நூறே இல்லை. டாப்அப் 100 ரூபாய்க்குப் போட்டால் பேலன்ஸில் ஏறுவது 81 ரூபாய் 75 காசு. 18 சதவீத ஜி.எஸ்.டி. உள்ளடங்கிய விலை என்பதால் 100ஐ 1.18ஆல் வகுத்தால் 84.75. அதில் செயலாக்கக் கட்டணம் என்று 3 ரூபாய் கழியும். 10 ரூபாய் டாப்அப்பில் 7.47தான் வரும், ஏனென்றால் அங்கே கட்டணம் ஒரு ரூபாய். விலையில் பத்து சதவீதம் அல்லது 3 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது. இது சட்டப்படியான கழிவுதான், ஏமாற்று இல்லை. ஆனால் ரீசார்ஜ் கடையில் இதை ஒருவரும் சொல்வதில்லை. பணம் கட்டும் ஆப்களில் கட்டினால் மேற்கொண்டு சில ரூபாய் 'பிளாட்ஃபார்ம் கட்டணம்' வேறு. அது சிம் கம்பெனிக்குப் போவதில்லை, அந்த ஆப்புக்குப் போகிறது. அதனால்தான் நான் இன்னும் 90 அடி ரோட்டில் அண்ணாச்சி கடையில் போய்ப் போடுகிறேன். போன் கவர், பீடி, பிஸ்கட், ரீசார்ஜ் எல்லாம் ஒரே கல்லாவில். 299 என்றால் 299, ஒரு காசு அதிகமாக வாங்க மாட்டார்.

சரி, 81.75 வந்தது. அது எங்கே போனது?

இங்கேதான் இந்த சேவையின் உண்மையான லட்சணம் தெரிகிறது. அன்லிமிடெட் பேக் ஓடும்போது லோக்கல் கால், எஸ்.டி.டி. கால் எதுவும் மெயின் பேலன்ஸைத் தொடாது. எஸ்.எம்.எஸ். ஒரு நாளைக்கு நூறு வரை தொடாது. அன்றைய டேட்டா தீர்ந்தால் வேகம் 64 கே.பி.பி.எஸ்.ஸுக்கு விழும், அதற்கும் காசு பிடிக்க மாட்டார்கள். அப்படியானால் மெயின் பேலன்ஸ் என்று ஒன்று எதற்கு? யோசித்துப் பாருங்கள், நாம் அன்றாடம் செய்கிற எதற்கும் அது போவதில்லை. காலர் ட்யூன், நாலைந்து இலக்க நம்பருக்குப் போகும் எஸ்.எம்.எஸ்., விளையாட்டு சந்தா, 1860இல் தொடங்கும் கஸ்டமர் கேர் நம்பர்கள் (1800 இலவசம், 1860 அப்படி இல்லை), வெளிநாட்டு எஸ்.எம்.எஸ். இப்படிப் பேக்கில் சேராத வகையறாவுக்குத்தான் போகிறது. வெளிநாட்டில் சொந்தக்காரர் இருந்து ஐ.எஸ்.டி. பேசுகிறவர்களை விடுங்கள். மற்றவர்கள் மெயின் பேலன்ஸில் பணம் வைப்பது வாசல் திண்ணையில் சில்லறையை வைத்துவிட்டு உள்ளே போய்ப் படுப்பது மாதிரி.

"பேலன்ஸ் இல்லன்னா நம்பரைக் கட் பண்ணிருவான்" என்று அம்மாவிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். பாதி உண்மை. 90 நாள் எந்த உபயோகமும் இல்லாவிட்டால்தான் நம்பரை எடுக்கலாம். அப்போதும் பேலன்ஸில் 20 ரூபாய் இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு இன்னும் 30 நாள் நம்பரைக் காப்பாற்ற வேண்டும் என்பது டிராய் விதி. இரண்டாவது ஸ்லாட்டில் சும்மா கிடக்கும் சிம்முக்கு இது நல்ல உபாயம். அன்றாடம் தூத்துக்குடிக்கு ஒரு மணி நேரம் பேசுகிற அம்மாவுக்கு எதற்கு?

ஆப்பில் போய்ப் பார்த்தேன். மிச்சம் எவ்வளவு என்று பெரிய எழுத்தில் காட்டுகிறது, பக்கத்திலேயே மூன்று விளம்பரம். போனது எவ்வளவு, எதற்கு என்பதற்கு 'சேவைக் கட்டணம்' என்று ஒற்றை வரி. என்ன சேவை? அதைத் தட்டினால் மறுபடி ரீசார்ஜ் பக்கம்தான் திறக்கிறது. இந்த ஆப்பை வடிவமைத்தவர் எங்கள் கடையில் லெட்ஜர் எழுதியிருந்தால் முதலாளி ஒரே வாரத்தில் வீட்டுக்கு அனுப்பியிருப்பார்.

198க்குப் பேசினேன். புகாருக்கான நம்பர், இலவசம். மும்பை வட்டத்தில் இந்தி, மராத்தி, இங்கிலீஷ் மூன்றுதான் கேட்டது, தமிழுக்குப் பட்டன் இல்லை. எனக்கு இந்தி சரளம் என்பதால் பிழைத்தேன். அம்மா தனியாக இருந்தால் அங்கேயே போனை வைத்துவிட்டிருப்பாள். பேசிய பெண் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் எதற்குப் பிடித்தது என்பதற்கு "நீங்கள் எடுத்த சேவைக்கு" என்பதைத் தவிர வேறு பதில் அவர் திரையிலும் இல்லை போல. டாக்கெட் நம்பரை, அதாவது புகார்ப் பதிவு எண்ணை, கேட்டு வாங்கினேன். கேட்காவிட்டால் தானாக எஸ்.எம்.எஸ். வருமென்று நம்பி உட்காராதீர்கள்.

அப்புறம்தான் இந்த சேவையிலேயே உருப்படியான ஒன்றைக் கண்டேன். ப்ரீபெய்டுக்கும் வரிவாரியாக உபயோகப் பட்டியல் உண்டு. 2012இல் டிராய் கொண்டுவந்த நுகர்வோர் பாதுகாப்பு விதிமுறைகளில் இருக்கிறது: கேட்டால் கொடுத்தாக வேண்டும், அதற்கு 50 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது, கடந்த ஆறு மாதத்துக்கு உட்பட்ட கணக்கைக் கேட்கலாம். என் பணத்தை எங்கே எடுத்தாய் என்று கேட்கவும் பணமா என்று எரிச்சல்தான். ஆனாலும் கேளுங்கள். வந்த தாள் அவ்வளவு சுத்தம். தேதி, நேரம், எந்த நம்பர், எவ்வளவு பிடித்தது, பிடித்தபின் மிச்சம். இதை வைத்துக்கொண்டா ஆப்பில் 'சேவைக் கட்டணம்' என்று மொட்டையாகப் போடுகிறார்கள் என்று கோபம் வந்தது.

அம்மாவின் தாளில் இரண்டு களவாணிகள். ஒன்று காலர் ட்யூன். யாருக்கோ போன் போட்டபோது பாட்டு கேட்டிருக்கிறது, அதை வைத்துக்கொள்ள ஸ்டாரை அழுத்தச் சொல்லியிருக்கிறது, கட்டைவிரல் பட்டிருக்கிறது. ஆனால் ஒரு பட்டன் பட்டால் மட்டும் போதாது. காசு பிடிக்கும் எந்த சேவைக்கும் இரண்டாவது தடவை தனியாக உறுதி வாங்கிய பிறகே பிடிக்க வேண்டும் என்பது டிராயின் 2013ஆம் வருஷத்து உத்தரவு. இரண்டாவது, ராசிபலன் எஸ்.எம்.எஸ்., அதுவும் இந்தியில். அம்மா ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள். தன் ராசி என்னவென்று அவளுக்கே தெரியாது, இந்தியும் வாசிக்க வராது. அவளுக்கு ராசிபலன் விற்றிருக்கிறார்கள்!

இது எப்படி நுழைந்தது என்று அண்ணாச்சிதான் காட்டினார். போனை வாங்கி மேசையில் வைத்தார். கொஞ்ச நேரத்தில் திரை தானாக ஒளிர்ந்து ஒரு பெட்டி வந்தது. நாலு வரி இந்தி, கீழே இடது மூலையில் 'ஓகே', வலது மூலையில் 'பேக்'. பட்டன் போனில் திரையை அணைக்க அம்மா மாதிரி ஆட்கள் நடுப் பட்டனைத்தான் அழுத்துவார்கள், நடுப் பட்டன் என்றால் அது ஓகே. "பையில போட்டாலே அமுங்கிரும்மா" என்றார். மெனுவுக்குள் சிம் டூல்கிட் என்று ஒன்று இருக்கிறது, கம்பெனி பெயரிலும் இருக்கலாம். அதற்குள் இந்த ஃபிளாஷ் செய்தியை நிறுத்தும் இடம் உண்டு, நிறுத்திக் கொடுத்தார். அதற்கும் காசு வாங்கவில்லை. ஸ்மார்ட்போனிலும் இதே பெயரில் ஒரு ஐகான் இருக்கும், தேடிப் பாருங்கள்.

சேவைகளை நிறுத்த 155223 போதும். எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான இலவச நம்பர். கூப்பிட்டால் என்னென்ன சேவை ஓடுகிறது என்று வாசித்துவிட்டு எதை நிறுத்த என்று கேட்கிறது. அது உடனே நின்றது, அதில் குறையில்லை. டேட்டாவே வேண்டாம், நெட் தானாகத் திறந்துகொள்கிறது என்பவர்களுக்கு 1925 என்ற நம்பர் இருக்கிறது. அம்மா போனில் அதையும் மூடிவிட்டேன்.

பணத்தைத் திரும்ப வாங்குவதுதான் இழுத்தது. ராசிபலன் காசு சீக்கிரமே பேலன்ஸில் ஏறிவிட்டது. காலர் ட்யூனுக்கு "கஸ்டமர் சம்மதித்திருக்கிறார்" என்று புகாரை மூடிவிட்டார்கள். டிராய்க்கு எழுதலாமே என்று தம்பி சொன்னான். டிராய் தனி ஆளின் புகாரை விசாரிப்பதில்லை, கம்பெனிக்கே தள்ளிவிடும். அதற்குப் பதில் கம்பெனிக்குள்ளேயே மேல்முறையீட்டு அதிகாரி உண்டு. 30 நாளுக்குள் எழுத வேண்டும், கட்டணம் இல்லை. ஒரே கேள்விதான் எழுதினேன்: இரண்டாவது உறுதி எந்தத் தேதி, எந்த நேரத்தில் வாங்கினீர்கள், அந்தப் பதிவைக் கொடுங்கள். பதிவு வரவில்லை. 'நல்லெண்ண அடிப்படையில்' என்று பணம் வந்தது. நல்லெண்ணமாம்.

தம்பி கதை வேறு. செகண்ட்ஹேண்ட் ஐபோன் வாங்கினான், மறுநாளே பேலன்ஸில் 5 ரூபாய் குறைவு. அவன் பட்டியலில் 44 என்று தொடங்கும் பிரிட்டன் நம்பருக்கு ஒரு எஸ்.எம்.எஸ். போயிருந்தது. ஹேக் ஆகிவிட்டது என்று வீடே அமளி. அதெல்லாம் ஒன்றுமில்லை. ஐபோனின் சொந்த மெசேஜ், வீடியோ கால் வசதிகளான ஐமெசேஜ், ஃபேஸ்டைம் இரண்டையும் நம் நம்பரில் தொடங்க போன் தானே ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்பும், நம் மெசேஜ் பட்டியலில் அது தெரியாது. கம்பெனி அதற்குக் காசு பிடிக்கலாம் என்று ஆப்பிளே எழுதி வைத்திருக்கிறது. சிம் மாற்றினாலோ போனை ரீசெட் செய்தாலோ திரும்பவும் போகலாம். வேண்டாம் என்றால் செட்டிங்கில் இரண்டையும் அணைத்துவிடுங்கள். இதில் திரும்பக் கேட்க நியாயமில்லை, கேட்கவும் இல்லை. ஆனால் 198இல் பேசிய பையனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். அவர் தம்பியிடம் போனில் வைரஸ் என்று சொல்லியிருக்கிறார்.

இப்போது அம்மா போனுக்கு டேட்டா இல்லாத பேக் போட்டிருக்கிறேன். டேட்டா இல்லாமல் பேச்சுக்கும் எஸ்.எம்.எஸ்.ஸுக்கும் மட்டும் ஒரு பேக்காவது வைத்தாக வேண்டும் என்று 2024 டிசம்பரில் டிராய் விதியைத் திருத்தியது. அதே திருத்தத்தில் இந்தவகை பேக்கின் உச்சபட்ச வேலிடிட்டியும் 90 நாளிலிருந்து 365 நாள் ஆனது. இத்தனை வருஷம் பட்டன் போனுக்கு டேட்டா காசு கட்டியிருக்கிறோம். கம்பெனிக் கடையில் இருக்கும் யாரும் இதை வாய்திறந்து சொல்லவில்லை, நானே கேட்ட பிறகு "ஓ, அதுவா" என்றார்கள்.

ஐந்துக்கு எத்தனை என்று கேட்பீர்கள். சிக்னலுக்கு நாலரை, விவரப் பட்டியலுக்கு நாலு, 198க்கு இரண்டு, ஆப்புக்கு அரை. அண்ணாச்சிக்கு ஐந்து, ஆனால் அவர் கம்பெனி ஆள் இல்லை.

வேறு கம்பெனிக்குப் போர்ட் பண்ணிவிடலாம் என்று அம்மாவிடம் சொன்னேன். போர்ட் பண்ணினால் மெயின் பேலன்ஸ் நம்மோடு வராது என்பதையும் சொல்லித் தொலைத்தேன். திரும்பி வந்த பணம் இருக்கிறதே, அதைத் தீர்க்காமல் அசைய மாட்டாளாம். அன்லிமிடெட் பேக்கில் அது தீரவே தீராது என்று சொன்னால் புரிகிறதா? இப்போது ஷார்ஜாவில் இருக்கும் சித்தி நம்பரைக் கேட்டு நச்சரிக்கிறாள், நான் ஐ.எஸ்.டி. ரேட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.