நிற்கப் போகும் நேரத்தில் உதைக்கும் பெடல்: பழைய டபுள் கெப்பில் ஏழு வருடம்

போன வாரம் மச்சான் கோல் எடுத்தார். இராகலைப் பக்கம் ஒரு 2006 டபுள் கெப் விலைக்கு வந்திருக்கிறதாம். என்னுடையதும் அதே வண்டிதான் என்பதால் எடுக்கலாமா என்று கேட்டார். "ஏபிஎஸ் லைட் மட்டும் எரியுது மச்சான். அது ஒண்ணும் இல்ல, பல்ப கழட்டிடலாம்னு விக்கிறவர் சொல்றாரு" என்றார். ஏபிஎஸ் என்பது ஓங்கி மிதித்தாலும் சில்லு இறுகிச் சறுக்காமல் பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கும் ஏற்பாடு. அந்தக் கடைசிப் பேச்சுக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

எஞ்சினைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. கந்தப்பளையில் கரட், லீக்ஸ், கோவா ஏற்றிக்கொண்டு நுவரெலியா, றம்பொடை, புசல்லாவை என்று ஏழு வருடமாக இறங்கி ஏறுகிறேன். ஒரு நாள்கூட நடுவழியில் விட்டதில்லை. ஆனால் அதில் மூன்று வருடம் இந்த வண்டியின் பிரேக் பெடல் என் நிம்மதியைக் கெடுத்தது.

முதல் தடவை றம்பொடை ஆஞ்சநேயர் கோயில் பக்கம் நடந்தது. காய்ந்த ரோடு, வண்டி ஊர்ந்து வந்து நிற்கப் போகிறது. திடீரென்று காலுக்கடியில் பெடல் டக டக டக என்று உதைத்தது. பொனட்டுக்குள் ஒரு உறுமல். நிற்க வேண்டிய வண்டி இன்னும் மூன்றடி உருண்டது. முன்னால் நின்ற ஆட்டோவுக்கும் என் பம்பருக்கும் நடுவில் ஒரு சாண்தான் மிச்சம். 40 கிலோமீட்டர் வேகத்தில் மிதித்தால் ஒரு குறையும் தெரியாது. நிற்பதற்கு முந்திய கடைசிச் சில அடியில்தான் இந்த வேலை. டாஷ்போர்டில் லைட்டும் எரியவில்லை.

கராஜில் மெஷினைச் செருகிப் பார்த்துவிட்டு, "பிழைக் கோட் ஒன்றும் இல்லை, ஏபிஎஸ் நல்லா இருக்கு" என்றார்கள். அப்புறம் மாஸ்டர் சிலிண்டரை மாற்றினார்கள், முன் பேட்களை மாற்றினார்கள், பிரேக் ஒயிலையும் மாற்றினார்கள். மறுநாள் காலை அதே உதை. அடுத்து ஏபிஎஸ் பம்ப் போய்விட்டது, கொழும்பு பஞ்சிகாவத்தையில் ரீகண்டிஷன் ஒன்று தேட வேண்டும் என்றார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திறந்தார்கள். அந்த இடைக்காலத்தில் பழைய வண்டிக்கும் அதன் பாகத்துக்கும் என்ன விலை சொன்னார்கள் என்பது வண்டி வைத்திருந்த எல்லாருக்கும் தெரியும். எதையும் சோதிக்காமல் என் காசில் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்த அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

நானுஓயாவில் வயதான மெக்கானிக் பாஸ் ஒருவர் இருக்கிறார். நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "தம்பி, ஏபிஎஸ் பியூஸ கழட்டிட்டு ஓட்டிப் பாத்தீங்களா?" ஆள் இல்லாத சமதரையில் பியூஸைக் கழற்றிவிட்டு ஓட்டினோம். உதை இல்லை, வண்டி அழகாக நின்றது. அப்படியென்றால் சிலிண்டரிலும் பேடிலும் பிழை இல்லை. ஏபிஎஸ்ஸுக்கு யாரோ தப்பான செய்தி கொடுக்கிறார்கள்.

பியூஸைத் திரும்பப் போட்டு, மெஷினில் கோட் பார்க்காமல் நாலு சில்லுகளின் வேகத்தையும் ஓடும்போதே பார்த்தார். 15, 12, 10 என்று நாலும் சேர்ந்தே இறங்கின. 8 வந்ததும் இடது முன் சில்லு மட்டும் சட்டென்று 0 காட்டியது. மற்ற மூன்றும் இன்னும் உருள்கின்றன. கம்ப்யூட்டர் என்ன நினைக்கும்? அந்தச் சில்லு இறுகிவிட்டது என்று நினைத்து அதன் பிரேக்கை விடுவிக்கும். அதுதான் என் காலில் பட்ட உதை.

அந்தச் சில்லின் வேகத்தை அளக்கும் சென்சரைக் கழற்றினார். கட்டைவிரல் அளவுதான் இருக்கும். நுனியில் காந்தம் என்பதால் இரும்புத்தூள் தாடி மாதிரி ஒட்டியிருந்தது. அது உட்காரும் இடத்தில் துரு அடுக்கடுக்காக ஊதிப் போய், சென்சரை, சில்லோடு சுற்றும் பல் ரிங்கில் இருந்து மேலே தூக்கியிருந்தது. ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. இந்தப் பழைய வகைச் சென்சரில் சில்லு மெதுவாகச் சுற்றச் சுற்ற சிக்னல் குறையும். இடைவெளியும் கூடினால் வண்டி நிற்பதற்கு முன்பே சிக்னல் செத்துவிடும். வேகத்தில் ஓடும்போது சிக்னல் சரியாக வருவதால் கோட் விழாது, லைட் எரியாது. பனிக்காலத்தில் ரோட்டில் உப்புப் போடும் நாடுகளில் இது பழகிப்போன நோய். நமக்கு மூடுபனியும் மழையும் சேறும் போதும்.

பாஸ் துருவைச் சுரண்டி, அரத்தாளால் தேய்த்து, சென்சரை மீட்டரில் சோதித்து அதையே திரும்பப் பூட்டினார். ஹப் பெயரிங்கில் ஆட்டம் இருக்கிறதா, ரிங்கில் வெடிப்பு இருக்கிறதா என்றும் பார்த்தார். கூலி 2,500 ரூபா.

அதற்குப் பிறகு அந்த உதை வரவில்லை. போன ஜூலை மழையில், லபுக்கலை வளைவில் கொழுந்துக் கூடையோடு இரண்டு அக்காமார் ரோட்டுக்கு இறங்கிவிட்டார்கள். முழுக்க மிதித்தேன். பெடல் உதைத்தது. இந்தத் தடவை உதைக்க வேண்டிய நேரத்தில் உதைத்தது. சில்லு இறுகவில்லை, ஸ்டியரிங் திரும்பியது, அவர்களைத் தாண்டி ஓரமாய் நின்றேன். கை நடுக்கம் அடங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

அதனால் மச்சான், பல்பைக் கழற்றும் பேச்சே வேண்டாம். சாவியைத் திருப்பியதும் மஞ்சள் ஏபிஎஸ் லைட் எரிந்து சில விநாடியில் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் யாரோ ஏற்கெனவே கை வைத்திருக்கலாம். மஞ்சள் மட்டும் எரிந்துகொண்டே இருந்தால் ஏபிஎஸ் இல்லை, சாதாரண பிரேக் இருக்கும். சிவப்பு பிரேக் லைட்டும் சேர்ந்து எரிந்தால் முதலில் பிரேக் ஒயில் மட்டத்தைப் பாருங்கள். அது சரி என்றால், பின் சில்லுக்கு அழுத்தத்தைப் பங்கிடும் ஈபிடியும் போயிருக்கலாம். அது இல்லாமல், பாரம் இறக்கிவிட்டு வெறும் வண்டியாக ஈர இறக்கத்தில் மிதித்தால் பின்பக்கம் முதலில் இறுகிச் சுழற்றிவிடும். றம்பொடை வளைவில் அதற்கு இடம் இல்லை.

இவ்வளவும் கேட்டுவிட்டு "சரி, முடிவா என்ன சொல்றீங்க?" என்றார். எடுக்க வேண்டாம் என்றேன். இருபது வருடப் பழைய வண்டியில் அடுத்தவர் மறைத்த குறையைத் தேடும் பாடு எனக்குத் தெரியும். "அப்ப உங்க வண்டிய எனக்குத் தாங்களேன்" என்றார். அதையும் முடியாது என்றுவிட்டேன்.